ஒன்றரை மடங்குக் காது

அந்த இசை நிறுவனத்தின் தலைவர் எதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் கேட்பார். பெரிய மனிதர்கள் யாரும் உலகம் பேசுகிற வேகத்துக்குக் காத்திருப்பதில்லை என்று மூன்று வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு சொற்பொழிவில் கேட்டிருக்கிறார். அன்றைக்கே தன் கைப்பேசியில் அதற்கான எண்ணைத் தட்டிவிட்டார். அதற்கப்புறம் செய்தி, உரை, பாட்டு எல்லாம் அவர் காதுக்குள் மூச்சிரைக்க ஓடி வந்து விழுந்தன. அறுபது நிமிடத்தை நாற்பதில் முடித்துவிடுகிறேன் என்று கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மிச்சமாகும் இருபது நிமிடத்தில் என்ன செய்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. இதைச் சொல்லிக்கொண்டிருப்பதிலேயே அது தீர்ந்துவிடும்.

நாள்பட நாள்பட, பெருமை மட்டும் அவருக்கு நினைவிருந்தது. அந்த வேகம் பாட்டுக்கும் சேர்த்துத்தான் என்பது மறந்தே போயிற்று. காலை நடையில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுவிட்டு வந்து, எந்தப் பாட்டு ஓடும், எந்தப் பாட்டு படுக்கும் என்று தீர்ப்புச் சொல்வார். "என் காது சொல்லுதுய்யா" என்பார். அலுவலகத்தில் அவர் காதைப் பற்றி ஒரு வேற்று ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள். காது இன்னும் வரவில்லை, காது என்ன சொன்னது, காதுக்குப் பிடித்ததா என்று.

அந்தக் காதுக்குத்தான் தகரத்தின் பத்துப் பாட்டும் போயிருந்தன.

தகரம் என்பது ஒரு பாடகியின் பட்டப்பெயர். பன்னிரண்டு வருடம் மற்றவர்களின் பாட்டுக்குப் பின்னால் நின்று 'ஆ' என்றும் 'ஓ' என்றும் பாடியவள். குரலில் லேசாக ஓர் உரசல் உண்டு. பின்பாட்டு அறையில் யாரோ விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. முதன்முதலாக அவளுக்கென்று ஓர் ஆல்பம் அமைந்தபோது அவளே அதற்கும் அந்தப் பெயரை வைத்துவிட்டாள். ஊர் கூப்பிடுவதற்கு முன் தானே கூப்பிட்டுக்கொண்டால் ஒரு வேலை மிச்சம் என்பது அவள் கணக்கு.

பத்துப் பாட்டையும் ஒரே நாளில் கொட்டிவிட மாட்டார்கள். முதலில் ஒன்றை மட்டும் அவிழ்த்துவிடுவார்கள். அதுதான் முதல் சிங்கிள். அது ஓடினால் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது, கடைசியில் முழு ஆல்பம். மூன்று வாரத்தில் முதல் பாட்டு ஓடவில்லையென்றால் மற்ற ஒன்பதும் அலமாரிக்குப் போகும். இது ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் இருந்தது. ஆக, பத்தில் நிச்சயமாக வெளிச்சத்தைப் பார்க்கப்போவது ஒரே ஒரு பாட்டுதான். அந்த ஒன்று ஒன்பதாவதாக இருக்க வேண்டும் என்பதுதான் தகரத்தின் ஆசை. வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

மற்ற ஒன்பதும் இசையமைப்பாளர் போட்டவை. ஒவ்வொன்றிலும் இடியும் மின்னலும் முப்பது பேர் கைதட்டலும் இருந்தன. ஒன்பதாவது பாட்டை மட்டும் அவளே கட்டினாள், வார்த்தை உட்பட. கல்யாணத்துக்கு முன் அவள் குடியிருந்த வீட்டுக்கு மேல்வீட்டில் ஓர் ஆள் இருந்தான். முகம் பார்த்ததில்லை. காலையில் நாற்காலியை இழுக்கிற சத்தம், ஸ்பூன் கீழே விழுகிற சத்தம், ஏதோ யோசித்தபடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிற சத்தம், இவ்வளவுதான் பழக்கம். படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டே அந்த ஆளிடம் பேசுவதுபோல் ஒரு பாட்டு. மெதுவாகப் போகும். நடுவில் நாலு எண்ணிக்கைக்கு ஒன்றுமே இருக்காது. மேலே சத்தம் வருகிறதா என்று பாட்டே காது கொடுத்துக் கேட்கும். அப்புறம்தான் அடுத்த அடி.

அந்த மேல்வீட்டு ஆள்தான் இப்போது அவள் புருஷன். லிஃப்ட் மெக்கானிக். பாட்டை முதன்முதலாகக் கேட்ட அன்று ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டே முழுதும் கேட்டுவிட்டு, "ஸ்பூன் விழுந்தது ரெண்டே தடவைதான்" என்று மட்டும் சொன்னார்.

சிங்கிள் தேர்வுக் கூட்டம் ஐந்தாவது மாடியில். இந்தக் கோடியில் இருப்பவருக்கு அந்தக் கோடியில் இருப்பவர் தூரத்து உறவினர்போல் தெரிகிற அளவுக்கு நீண்ட மேஜை. தலைவருக்கு வலப்பக்கம் விளம்பரப் பிரிவு அம்மையார். எந்தப் பாட்டையும் பதினைந்து விநாடிக்கு மேல் கேட்பதில்லை என்று விரதம் பூண்டவர். ஜனங்களே அவ்வளவுதான் கேட்கிறார்கள், நான் மட்டும் ஏன் உழைக்க வேண்டும் என்பது அவர் நியாயம். இடப்பக்கம் வரைபடக்காரர். அவர் பாட்டைக் கேட்பதே இல்லை. காது பாரபட்சம் பார்க்கும், எண் பார்க்காது என்று சொல்லிப் பாட்டுகளின் கோடுகளை மட்டும் தாளில் அச்செடுத்துப் பார்ப்பார். முதல் பாட்டுதான் முதல் சிங்கிள் என்பதை இருபத்து நான்கு பக்கங்களில் நிரூபித்துக் கொண்டுவந்திருந்தார். இசையமைப்பாளரும் அதையே நம்பி, சட்டைக்குப் பொருத்தமான கண்ணாடியுடன் வந்திருந்தார்.

பத்தையும் காலை நடையிலேயே கேட்டு முடித்திருந்த தலைவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். காது வேலை செய்கிறது என்று அர்த்தம். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதல் பாட்டு வேண்டாம் என்றார். யாரோ கடன்காரன் கதவைத் தட்டுவதுபோல் இருக்கிறதாம். இரண்டாவது, ஏலம் விடுகிற மாதிரி இருக்கிறதாம், ஒரு வார்த்தை புரியவில்லையாம். நான்காவதைக் கேட்டபோது தலை சுற்றி நடைபாதையில் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். இசையமைப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"ஒன்பதாவது" என்றார் தலைவர், கண்ணைத் திறந்து. "என்னா துள்ளல்யா அது. நடந்து போய்ட்டிருந்தவன் ஓட ஆரம்பிச்சுட்டேன். ரெண்டு தெரு தள்ளிப் போய்த்தான் நின்னேன். செத்தவன்கூட எழுந்து ஆடிட்டு மறுபடி படுத்துக்குவான்."

விளம்பர அம்மையார் தனக்கும் அதே நினைப்புத்தான், ஆனால் தலைவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்ததாகச் சொன்னார். அவர் கேட்ட பதினைந்து விநாடியில் பாட்டே ஆரம்பித்திருக்காது. தகரம் மூச்சை இழுக்கிற சத்தம்தான் இருந்திருக்கும். வரைபடக்காரர் இருபத்து நான்கு பக்கங்களையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு முதல் தாளைத் தலைகீழாகத் திருப்பி, கீழே இறங்கியிருந்த கோட்டை மேலே ஏறுகிறதாகக் காட்டி, ஒன்பதாவதின் துள்ளலை அப்படியே நிரூபித்தார். தலைவர் மேஜையில் விரலால் தாளம் போட்டார். டகடக டகடக என்று குதிரை லாடம்போல் அடித்தது.

தகரத்துக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தாளம் தன் பாட்டுடையதுபோல் இல்லையே என்று மனதின் ஒரு மூலையில் உறுத்தாமல் இல்லை. பெரியவர்கள் இரட்டை வேகத்தில் தாளம் போட்டுப் பார்ப்பார்கள்போல என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். சந்தோஷத்தில் இருக்கிறவள் தாளத்தை எண்ணிக்கொண்டிருப்பாளா? லிஃப்ட் மெக்கானிக்கின் பெண்டாட்டி, லிஃப்ட் என்று ஒன்று இருப்பதையே மறந்து ஐந்து மாடியும் படியில் இறங்கி, தெருவில் முன்பின் தெரியாத ஒரு நாய்க்கு வணக்கம் சொன்னாள்.

வீட்டில் நாத்தனார் வந்திருந்தாள். புருஷனின் தங்கை, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் கற்றுக்கொடுப்பவள். நாளெல்லாம் புதியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்ததில் எதற்கும் அசராத ஒரு முகம் அவளுக்கு வந்துவிட்டது. தகரம் நடந்ததை மூன்று தடவை சொல்லி முடித்தாள். மூன்றாவது தடவை தலைவர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்.

"அண்ணி, இருங்க. ஒன்பதாவது பாட்டுக்கா ஆடுவாங்களாம்?"

"ஆமாங்கறேன்."

"அந்தப் பாட்டுக்கு நான் சிக்னல்ல தூங்கிட்டேன். பின்னாடி இருந்தவன் ஹாரன் அடிச்சான். நல்ல பாட்டு, இல்லன்னு சொல்லல. ஆனா ஆடறதுக்கு அது என்ன பாட்டு?"

ஆட்டம் காலில் மட்டுமா இருக்கிறது என்று தகரம் விளம்பர அம்மையாரின் தோரணையில் கேட்டாள். ஒரே நாளில் அவளுக்கும் அந்தப் பேச்சு தொற்றிவிட்டது. புருஷன் வேலை முடிந்து வந்தார், கேட்டார், காதுமடல் சிவந்துபோனார். ஊருக்கே தெரிந்துவிடுமே என்றார். என்ன தெரியும், நாற்காலியை இழுத்தது கொலைக்குற்றமா என்று தங்கை அதட்டினாள். அன்றைக்கு அந்த வீட்டில் நாற்காலிகளை மூவருமாக மாற்றி மாற்றி இழுத்து, கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்வரை சிரித்தார்கள்.

நான்காம் நாள் செய்தித்தாளில் தலைவரின் பேட்டி வந்தது. படம் அரைப்பக்கம், வார்த்தை அரைப்பக்கம். 'என் காது தேர்ந்தெடுத்த பாட்டு. காலில் உயிர் உள்ள எவரும் இதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தகரம் மூன்று பிரதிகள் வாங்கினாள். மூன்றாவதை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் கடைக்காரரிடமே கொடுத்தாள்.

மறுநாள் டான்ஸ் மாஸ்டர் போன் செய்தார். நேரில் வந்தால் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும் என்றார். குரலில் பல்வலிக்காரனின் பணிவு இருந்தது. நாத்தனாரின் பயிற்சிக் காரிலேயே போனார்கள்.

ஒத்திகைக் கூடத்தில் முப்பது பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். மாஸ்டர் பாட்டைப் போட்டார். முப்பது வலது காலும் சடாரென்று மேலே போயின. போன கால்கள் அங்கேயே நின்றன. இறக்குவதற்கான தாளம் வருகிற வழியாக இல்லை. முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த நாலு எண்ணிக்கை மௌனம் வந்தபோது ஒருவன் கீழே உட்கார்ந்தே விட்டான்.

"மூணு நாளா இப்படித்தான்மா" என்றார் மாஸ்டர். "முந்தின வாரம் பெரியவரே வந்து அவர் போன்ல போட்டுக் காட்டினார். குதிரை மாதிரி ஓடுச்சு. அதுக்குத்தான் ஸ்டெப் அமைச்சேன். அப்புறம் ஆபீஸ்லருந்து பாட்டு அனுப்பினாங்க. இது அதே பாட்டுதான், அதே குரல்தான், ஆனா யாரோ அதுக்குச் சாப்பாடு போட்டுத் தூங்க வச்ச மாதிரி இருக்கு. நான் இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். எனக்குத்தான் ஏதாவது ஆயிடுச்சோன்னு டாக்டரைக்கூடப் பார்த்துட்டு வந்துட்டேன்."

நாத்தனார் சுவரில் சாய்ந்து நின்றபடி, தலைவர் போட்டுக் காட்டியபோது பாட்டு எத்தனை நிமிடம் ஓடியது என்று கேட்டாள். மூன்று நிமிடமும் சொச்சமும் என்றார் மாஸ்டர். கையில் இருப்பது நாலு நிமிடம் நாற்பது விநாடி. அவள் உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள்.

"அண்ணி, அந்த மனுஷன் உங்க பாட்டை டாப் கியர்ல கேட்டிருக்காரு."

ஒன்றரை மடங்கு. முதல் சந்திப்பிலேயே தலைவர் அதைப் பற்றிக் கால் மணி நேரம் பெருமையடித்திருந்தார். தகரம் பணிவாகத் தலையாட்டிக்கொண்டிருந்துவிட்டாள். இப்போது அந்தக் கால் மணி நேரமும் மொத்தமாக அவள் தலையில் வந்து இறங்கியது. அவள் பாட்டை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவள் பாட்டின் மேல் ஏறி ஓடிய ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது காருக்குள் பெரிய வழக்கே நடந்தது. வாயைத் திறக்கவே கூடாது என்பது நாத்தனார் கட்சி. வெளியீட்டுக்கு ஒப்புதல் கையெழுத்து நாளை. அதுவரை ஊமையாக இருந்தால் பாட்டு வெளியே வந்துவிடும். நாளைக்கு அறை ஒலிபெருக்கியில் போடுவார்கள், மெதுவாக இருப்பது தெரிந்துவிடும், உடனே ஸ்டுடியோவில் சொல்லி வேகத்தை ஏற்றிவிடுவார்கள் என்றாள் தகரம். ஏற்றட்டுமே, வருகிறது உங்கள் பாட்டுத்தானே என்றாள் நாத்தனார்.

"அது என் பாட்டில்ல. ரயிலுக்கு நேரமாயிடுச்சுன்னு ஓடறவ பாட்டு."

"சொன்னா முதல் பாட்டுக்குப் போயிடுவாங்க. உங்களது ஒன்பதாவது இடத்துலயே கிடக்கும். அலமாரில. பரவாயில்லையா?"

வீட்டுக்கு வந்ததும் தகரம் புருஷனுக்குக் கைப்பேசியில் அந்தப் பாட்டை ஒன்றரை மடங்கில் போட்டுக் காட்டினாள். அவர் முழுதும் கேட்டார். எந்த இயந்திரத்தையும் நிதானமாகக் கழற்றிப் பார்க்கிற மனிதர், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா இவ்வளவு அவசரமா நான் என்னைக்கும் நடந்ததில்ல."

அதோடு வழக்கு முடிந்தது.

மறுநாள் அதே மேஜை. தலைவர் முன்னால் ஒப்புதல் தாள், அதன்மேல் மூடி திறந்த பேனா. டான்ஸ் மாஸ்டரும் ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டு போனதிலிருந்து இசையமைப்பாளர் போனை அணைத்துவிட்டார் என்று கேள்வி. தலைவர் தன் கைப்பேசியை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, பாட்டு அலுவலகக் கணினியிலிருந்தே வரட்டும், எல்லோரும் சேர்ந்து துள்ளுவோம் என்று உத்தரவிட்டார்.

பாட்டு வந்தது. தகரம் மூச்சை இழுக்கிற சத்தம். அது அடங்குகிற சத்தம். தலைவரின் வலது கால் தாளத்துக்காகத் தரையிலிருந்து எழும்பி நின்றது. எல்லோர் பார்வையும் அந்தக் காலில். கால் காத்திருந்தது. முதல் வரி வந்து, சாவகாசமாக நடந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. கால் மெதுவாகத் தரைக்கு வந்தது. பாட்டை நிறுத்தச் சொன்னார்.

"யாரு இதை மெதுவாக்கினது?"

அறையில் ஒரு குற்றம் நடந்துவிட்டது என்று எல்லோருக்கும் விளங்கியது. யார் செய்தது என்பதுதான் விளங்கவில்லை. விளம்பர அம்மையார் முந்திக்கொண்டார். காலையிலேயே தனக்குச் சந்தேகம் வந்ததாகவும், தன் பிரிவில் யாரோ கவனக்குறைவாக இருந்துவிட்டதாகவும், அதற்குத் தானே பொறுப்பு என்றும் சொன்னார். அவருக்கு மட்டும் அந்தப் பொறுப்புப் போய்விடுமோ என்று வரைபடக்காரர் எழுந்து, கணினிக்கு மாற்றும்போது சில விநாடிகள் உப்பிவிடுவது உண்டு, தவறு தன்னுடையதுதான் என்றார். சாட்சிக்குத் தாளும் இருந்தது. டான்ஸ் மாஸ்டர்கூட, முப்பது பேர் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டதில் பாட்டு தளர்ந்துபோயிருக்கலாம் என்று மெல்லிய குரலில் ஒப்புக்கொண்டார். நடக்காத ஒரு குற்றத்துக்கு மூன்று பேர் வரிசையில் நின்று மன்னிப்புக் கேட்டதைத் தகரம் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

பத்தே நிமிடத்தில் வேகத்தை ஏற்றிவிடலாம் என்று முடிவாயிற்று. வரைபடக்காரர் போனை எடுத்துவிட்டார். பன்னிரண்டு வருடம் 'ஆ' என்றும் 'ஓ' என்றும் மட்டுமே பாடிய தகரத்தின் வாய், நல்ல வாக்கியம் ஒன்று வேண்டும் என்று கேட்டபோது உடனே தரவில்லை.

"யாரும் மெதுவாக்கல சார்" என்றாள். "பாட்டு பொறந்ததுலருந்து இப்படித்தான். உங்க போன்தான் ஓடுது."

தலைவர் போனைப் பார்த்தார். அது ஓடவில்லை, கவிழ்ந்து படுத்திருந்தது. தகரம் எழுந்து போய் அதைத் திருப்பி, திரையின் ஓரத்தில் இருந்த சின்ன எண்ணைச் சுட்டிக்காட்டினாள். ஒன்று புள்ளி ஐந்து.

"நீங்கதான சார் சொன்னீங்க, அறுபது நிமிஷத்தை நாப்பதுல முடிக்கறேன்னு. என் பாட்டையும் அப்படித்தான் முடிச்சிருக்கீங்க. இதை ஏத்திட்டு வெளிய விடறதா இருந்தா வேற பாட்டை எடுத்துக்குங்க சார். இது அலமாரிலயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

மேஜையைச் சுற்றி எல்லோர் தலைக்குள்ளும் எண்கள் உருண்டுகொண்டிருந்தன. போன வருடம் காது தேர்ந்தெடுத்த மூன்று ஆட்டப் பாட்டுகள் ஆட்டக்காரர்களிடம் போணியாகாமல், பல் மருத்துவமனைகளின் காத்திருப்பு அறையில் மட்டும் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்ததற்கு இப்போதுதான் காரணம் தெரிந்தது. ஜனங்கள் ஏன் ஆடுவதை விட்டுவிட்டார்கள் என்று அறுபது பக்க ஆய்வு எழுதிய வரைபடக்காரர், போனைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார்.

தலைவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். வேறு ஏதோ வந்துகொண்டிருந்தது.

"அப்போ..." என்றார். எண்ணை ஒன்றுக்கு இறக்கினார். விரலால் எதையோ தேடித் தட்டினார். கைப்பேசி அறை ஒலிபெருக்கியோடும் இணைந்திருந்தது என்பது அவர் நினைவில் இல்லை. நான்கு மூலையிலிருந்தும் ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"ஏங்க... மேஜை மேலயே சாவிய விட்டுட்டுப் போயிட்டீங்க." நடுவில் ஒரு சின்ன மூச்சு. "பரவால்ல. நான் வீட்லதான் இருப்பேன். அவசரப்படாம வாங்க."

தலைவர் மனைவி அனுப்பியிருந்த இன்னொரு குரல்செய்தியைத் தட்டினார். அதே குரல், அதே நிதானம். ஜன்னலோரச் செடி பூத்திருக்கிறது, வந்ததும் பாருங்கள் என்றது. அவர் கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மூணு வருஷமா இவ என்னைத் திட்டறான்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றார், மேஜையைப் பார்த்து. "சரி, சரின்னு மட்டும் பதில் போட்டுட்டு ஆபீஸ்லயே உக்காந்துடுவேன்."

எங்கே பார்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. வரைபடக்காரர் தன் தாளைப் பார்த்தார். அதில் எதற்கும் பதில் இல்லை. ஒன்பதாவதை மறுபடி போடு என்றார் தலைவர். இந்தத் தடவை காலைத் தூக்கவில்லை. நாலு நிமிடம் நாற்பது விநாடியும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்று வருடத்தில் அவர் எதையும் அதன் சொந்த வேகத்தில் அவ்வளவு நேரம் கேட்டதில்லை. நாலு எண்ணிக்கை மௌனம் வந்தபோது கழுத்தைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். கூடவே விளம்பர அம்மையாரும் பார்த்தார், அங்கே ஏதாவது ஒழுகுகிறதோ என்று.

பாட்டு முடிந்தது. தலைவர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலில் பழைய தலைவர் பாதிக்குமேல் திரும்பி வந்துவிட்டார்.

"நான் ஒரு முடிவு எடுத்தா எடுத்ததுதான்" என்றார். "பேட்டியிலயும் வந்தாச்சு. வேகத்தையெல்லாம் தாண்டி, உள்ள இருக்கற ஆட்டத்தை என் காது அன்னைக்கே கேட்டுடுச்சு."

அறையே தலையாட்டியது. பேனாவை எடுத்து எழுதினார். ஒன்பதாவது, முதல் சிங்கிள். பக்கத்தில், இருக்கிறபடி, ஒரு விநாடிகூடக் குறைக்கக் கூடாது என்று எழுதி இரண்டு கோடு போட்டார். தாள் மேஜை வழியாக நழுவி நழுவித் தகரத்திடம் வந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். மை இன்னும் காயவில்லை. விரலில் ஒட்டியதைத் துடைக்கவில்லை.

அப்போதுதான் விளம்பர அம்மையாருக்கு ஒரு சிக்கல் தோன்றியது. காலில் உயிர் உள்ள எவரும் உட்கார்ந்திருக்க முடியாது என்று தலைவர் அச்சில் சொல்லியிருக்கிறார். வெளியீட்டன்று பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். எல்லோரும் உட்கார்ந்தே இருந்தால் என்ன எழுதுவார்கள்?

தலைவர் யோசித்தார். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். அவர் எழுந்தபின் யார் உட்கார்ந்திருப்பது? மேஜையைச் சுற்றி எல்லோரும் எழுந்தார்கள். பாட்டு மறுபடி தொடங்கியது. டான்ஸ் மாஸ்டர் மூலையிலிருந்து, காலைத் தூக்க வேண்டாம், யாரும் எதையும் தூக்க வேண்டாம், சும்மா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போய் வாருங்கள் போதும் என்று கெஞ்சினார்.

போய் வந்தார்கள். தலைவர் கண்ணை மூடி, மனைவிக்குப் போன் போட்டு, அதைக் காதில் வைக்காமல் ஒலிபெருக்கியை நோக்கி நீட்டியபடி அசைந்தார். விளம்பர அம்மையார் கையிலிருந்த குறிப்பேட்டை ஜோடியாக வைத்துக்கொண்டார். வரைபடக்காரர் வேறு வழியில்லாமல் தகரத்தின் முன்னால் வந்து நின்று, அவள் காலை மிதித்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் மிதித்தார். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, தன் பாட்டின் தாளத்தில் அந்த மனிதரை இடமும் வலமுமாக நகர்த்தினாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா இருக்கு?" என்று அவர் ரகசியமாகக் கேட்டார்.

"இப்பதான் சார் ஆரம்பிச்சிருக்கு" என்றாள்.